மழை சரி, ஊர் பிழை

1

இந்த மாதத்தோடு எங்கள் மகள் இராசமணியைக் கப்பலேற்றிப் பதினொரு வருடம் நிறைகிறது. ஏழு வயதில் போனவளுக்கு இப்போது பதினெட்டு. ஊரில் இதை வாசிக்கிறவர்கள், பெட்டையை மலாயாவுக்கு அனுப்பினார்களாக்கும் என்று நினைக்கக்கூடும். அப்படியல்ல. நானும் என் மனைவி சின்னத்தங்கமும் இங்கே சிரம்பானில் இருந்துகொண்டு, இங்கே பிறந்த பிள்ளையைப் பண்டத்தரிப்புக்கு அனுப்பினோம்.

இப்போது அவளைத் திரும்ப எடுக்கப் பார்க்கிறோம். அனுமதிப் பத்திரத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பி இரண்டரை மாதமாகிறது. பள்ளிக்கூடம் விட்டதும் சைக்கிளை நேரே தபாற்கந்தோருக்குத்தான் விடுகிறேன். அங்கே இருக்கிற மலாய்க்காரர் என் தலை தெரிந்தவுடனேயே கையை விரித்துவிடுகிறார். வீட்டில் சின்னத்தங்கம் படலையடியில் நிற்பாள்.

"வந்ததோ?"

"இல்லை."

"கப்பல் வந்ததெண்டு அடுத்த வீட்டிலை சொல்லிச்சினம்."

"கப்பல் வந்தது. கடிதம் வரேல்லை."

அவள் தேத்தண்ணீர் வைக்கப் போய்விடுவாள். முன்னறையிலே யுத்த காலத்து மரவள்ளிச் சாக்குகளை ஒதுக்கி, கட்டில் போட்டு, புதுத் தலையணையும் வைத்திருக்கிறாள். வருகிற பிள்ளை வளர்ந்த பிள்ளை என்பது அவளுக்கு நினைவிருக்கிறதோ தெரியாது. தலையணை சின்னப் பிள்ளைக்குரியது. நான் அதைச் சொல்லவில்லை.

2

பிள்ளையை ஏன் அனுப்பினீர்கள் என்று கேட்டால், எல்லோரும் அனுப்பினார்கள், நாங்களும் அனுப்பினோம் என்பதுதான் உண்மையான மறுமொழி. மலாயாவில் உத்தியோகம் பார்த்த யாழ்ப்பாணத்தார் எங்களுக்குள் அது எழுதாத சட்டம். ஐம்பத்தைந்தில் பென்சன், பிறகு ஊர், ஊரிலே ஒரு கல்வீடு. பிள்ளைகள் முந்திப் போவார்கள், தாய் தகப்பன் பிந்திப் போவார்கள். பெண்பிள்ளையென்றால் இன்னும் வேளைக்கு அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் சட்டை போட்டுக்கொண்டு மலாய் பேசித் திரிவாள், ஊரில் கலியாணத்துக்கு ஒருத்தரும் எடுக்கமாட்டார்கள் என்று கோயிலிலே கூடுகிற நேரமெல்லாம் கதைப்பார்கள்.

சின்னத்தங்கத்துக்கு விருப்பமில்லை. "ஏழு வயசுப் பிள்ளை. தலை இழுத்துப் பின்னத் தெரியாது. இன்னும் ரண்டு வரியம் பொறுத்தாலென்ன?" என்று கேட்டாள்.

நான் பள்ளிக்கூடத்தில் இயற்கைப் பாடம் படிப்பிக்கிற மாஸ்ரர். எந்தச் செடிக்கு எந்த மண், எந்த நாட்டில் எத்தனை மாதம் மழை என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பதுதான் என் தொழில். ஆகவே அவளுக்கும் தொழில் முறையிலே விளக்கம் சொன்னேன். நாற்றை இளசிலே பிடுங்கி நடவேண்டும், முற்றினால் வேர் பிடிக்காது என்றேன். அது அதன் மண்ணுக்குப் போகிறது, இதில் அழ என்ன இருக்கிறது என்றும் கேட்டேன். அவள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். அந்த விளக்கத்தை நினைக்க இப்போது எனக்கே வெட்கமாக இருக்கிறது.

ஊருக்குப் போகிற ஒரு குடும்பத்தோடு பினாங்கிலே கப்பலேற்றினோம். பிள்ளை அழவில்லை. கப்பலிலே பீசாங் கொடுப்பார்களா என்று மட்டும் கேட்டாள். மலாய்க்காரர் வாழைப்பழத்துக்குச் சொல்லுகிற பெயர் அது. ஊரில் பிள்ளையைப் பொறுப்பெடுத்த என் அக்கா எழுதிய முதற் கடிதத்தில் அதுதான் வந்தது. "பிள்ளை நல்ல சுகம். வாழைப்பழத்தை என்னவோ பேர் சொல்லிக் கேட்குது. பெடியள் பகிடி பண்ணுதுகள். இப்ப கேட்கிறதை விட்டிட்டுது" என்று எழுதியிருந்தா. நான் அதை நல்ல செய்தியாகத்தான் வாசித்தேன்.

3

பிள்ளையை அனுப்பினேனே ஒழிய, படிப்பிக்கிற குணத்தை விட முடியவில்லை. மாதம் ஒரு பாடம் தபாலில் அனுப்பத் தொடங்கினேன். ஒரு செடி, அதன் நாடு, அதன் மண், அதன் மழை, கடைசியில் ஒரு கேள்வி. கூடவே கடதாசிக்கு நடுவில் வைத்து அழுத்தி உலர்த்திய இலை ஒன்று. பேரீச்சைக்கு இலை கிடைக்காதபடியால் கொட்டையை அனுப்பினேன். றப்பர் இலை, கோப்பி இலை, சாதிக்காய் இலை எல்லாம் போயின.

என் வகுப்புப் பிள்ளைகளுக்கும் அதே பாடந்தான். சீனர், மலாயர், தமிழர் எல்லாரும் கலந்த வகுப்பு. றப்பர் இந்த நாட்டு மரமல்ல, தூரத்துப் பிரேசில் நாட்டுக் காட்டிலிருந்து விதையாக வந்து இங்கே மழையும் வெக்கையும் ஒத்துக்கொண்டபடியால் நிலைத்தது என்று ஒருநாள் சொன்னேன். பின்வரிசைச் சீனப் பெடியன் எழும்பி, "அப்படியென்றால் மாஸ்ரரும் றப்பர்தானே?" என்று கேட்டான். வகுப்பு முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன். வீட்டுக்கு வரும் வழியில் எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது. நான் இங்கே நிலைக்க வந்தவனல்ல என்று அவனுக்குச் சொல்லியிருக்க வேண்டும் என்று பட்டது.

ஊரிலும் என் பாடங்களால் சின்னக் குழப்பங்கள் வந்தன. புகையிலையும் மிளகாயும் கடல் கடந்து வந்தவை, பறங்கியர் காலத்துக்கு முன்னே நம் ஆட்களுக்கு அவற்றின் பெயரும் தெரியாது என்று எழுதினேன். அக்காவின் புருஷன், என் அத்தான், புகையிலைக்காரர். பிள்ளை பாடத்தை உரத்து வாசிக்கக் கேட்டுவிட்டு, "உவர் மலாயாவிலை குந்தியிருந்துகொண்டு என்ரை தோட்டத்துப் புகையிலையைப் பிறத்தியான் எண்டுறாரோ? வந்து ஒருக்கா இறைச்சுப் பாக்கச் சொல்லு, ஆரின்ரை மண் எண்டு தெரியும்" என்று சொன்னாராம். இராசமணி அதை அப்படியே எனக்கு எழுதினாள். ஒரு சொல்லும் விடவில்லை.

அவளுடைய மறுமொழிக் கடிதங்களை நான் என்ன செய்தேன் என்பதை இங்கே சொல்லத்தான் வேண்டும். சிவப்பு மையால் திருத்தி, பத்துக்கு இத்தனை என்று புள்ளி போட்டு, அடுத்த கப்பலில் அவளுக்கே திருப்பி அனுப்பினேன். பிழையைத் திருத்தி ஐந்து தரம் எழுத வேண்டும், எழுதிய கடதாசியைக் கொப்பியில் ஒட்டி வைக்க வேண்டும் என்பது ஒழுங்கு. எங்கள் காலத்தில் என்னுடைய தகப்பனாரும் அப்படித்தான் செய்தார், ஊரிலுள்ள உபாத்திமார் வீடுகளில் இன்றும் இது நடக்கும். எனக்கு இடம் விட வேண்டுமென்று பிள்ளை கடிதத்தின் இடப்பக்கத்தில் கோடு கீறி ஓரத்தை வெறுமையாக விடுவாள். கடைசியில் எப்போதும் ஒரே வரி: "பிழையிருந்தால் திருத்தி அனுப்பவும்."

சின்னத்தங்கம் ஒருநாள் கேட்டாள்.

"பிள்ளை தாய் தேப்பனுக்குக் கடிதம் எழுதினால் வாசிக்கிறதோ, புள்ளி போடுறதோ?"

"ரண்டும் செய்யலாம்."

"ஒண்டையாவது இஞ்சை வைச்சிருங்கோவன். நான் எடுத்துப் பாக்க."

"திருத்தினதைப் பிள்ளை பாக்காட்டில் திருத்தி என்ன பிரயோசனம்? நீர் பேசாமல் இரும்."

ஐந்து வருடத்துக் கடிதங்கள் ஒன்றுவிடாமல் திரும்பிப் போயின.

4

போன முதல் வருடத்திலேயே ஒரு கேள்வி அனுப்பியிருந்தேன். "எங்கள் ஊர் மரம் ஒன்றை வரைக. அது அங்கே ஏன் நன்றாக வளர்கிறது என்று நாலு வரியில் எழுதுக." பூவரசு வரும், இல்லாவிட்டால் வேம்பு வரும் என்று எதிர்பார்த்தேன். பத்துப் புள்ளியும் போட மனம் ஆயத்தமாயிருந்தது.

வந்தது றம்புட்டான் மரம். இந்தச் சிரம்பான் வீட்டுப் படிக்குப் பக்கத்தில் நின்ற அதே மரம். கிளைகளில் சிவப்புச் சோக்குக் கட்டியால் மயிர் வைத்த பழங்கள். அடிமரத்திலிருந்து கூரை முடக்குக்கு ஒரு கொடி, அதில் ஒரு சேலை. கீழே நாலு வரி.

"எங்கள் ஊரில் றம்புட்டான் உண்டு. அது எங்கள் வீட்டுப் படிக்குப் பக்கத்தில் நிற்கிறது. அங்கே ஒவ்வொரு நாளும் பின்னேரம் மழை பெய்வதால் அது நன்றாக வளர்கிறது. அம்மா அதில் கொடி கட்டியிருக்கிறா."

சின்னத்தங்கம் என் தோளுக்கு மேலால் பார்த்துக்கொண்டு நின்றாள். "என்ரை சேலையையும் கீறியிருக்கிறாள்" என்று சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து வெகு நாளாகியிருந்தது. நான் பேனையைச் சிவப்பு மையில் தோய்த்தேன்.

"உதிலை என்ன பிழை? மழை பெய்யுதுதானே?"

"மழை சரி, ஊர் பிழை."

மரத்துக்குக் குறுக்கே ஒரு கோடு கிழித்தேன். ஓரத்தில் இப்படி எழுதினேன்: "பிழை. எங்கள் ஊர் பண்டத்தரிப்பு. சுண்ணாம்புக் கல்லின் மேலே செம்மண். மழை சில மாதந்தான், மற்றக் காலமெல்லாம் கிணற்றுத் தண்ணீர். அங்கே றம்புட்டான் வளராது. 'எங்கள் ஊரில் றம்புட்டான் இல்லை' என்று ஐந்து தரம் எழுதுக."

அடுத்த கடிதத்தில், எழுதி ஒட்டிவிட்டேன் என்று ஒரு வரி இருந்தது. அதற்குப் பிறகு அவள் இந்த வீட்டைப் பற்றி எதுவும் எழுதியதாக எனக்கு நினைவில்லை. பூவரசு, ஆமணக்கு, வேலிக் கிளுவை என்று அச்சடித்த மாதிரி எழுதினாள். புள்ளி எட்டிலிருந்து ஒன்பதாகி, பத்தாகியது. பிள்ளை ஊரோடு சேர்ந்துவிட்டது என்று கோயிலிலே நாலு பேருக்குச் சொல்லிக்கொண்டேன்.

5

ஜப்பான்காரன் வந்ததோடு கடிதம் நின்றது. மூன்றரை வருடம் ஒரு துண்டுக் கடதாசியும் இல்லை. அங்கே பிள்ளை இருக்கிறதா இல்லையா என்று எங்களுக்குத் தெரியாது, நாங்கள் இருக்கிறோமா என்று அவர்களுக்கும் தெரியாது. அந்த நாட்களைப் பற்றி வேறு பலர் எழுதுவார்கள். எனக்கு இரண்டு விஷயந்தான் சொல்ல இருக்கிறது.

ஒன்று, சின்னத்தங்கம் ஒரு மத்தியானம் பெட்டிகளைக் கவிழ்த்துத் தேடத் தொடங்கியது. உடுப்புப் பெட்டி, என் புத்தகப் பெட்டி, அரிசிப் பானை வரைக்கும் தேடினாள். என்ன தேடுகிறீர் என்று கேட்டேன்.

"என்ரை பிள்ளையின்ரை எழுத்து. ஒரு துண்டு."

இருக்கவில்லை. எல்லாம் திருத்தி அனுப்பியாயிற்று. அவள் நடு வீட்டில் நிலத்தில் இருந்துகொண்டு, "நீங்கள் மனிசனோ?" என்று கேட்டாள். கலியாணம் முடித்து இத்தனை வருடத்தில் அவள் என்னிடம் சொன்ன ஒரே கடுஞ்சொல் அதுதான். நான் பக்கத்தில் போய் இருந்தேன். எனக்கும் அழுகை வந்தது, ஆனால் அவளுக்கு முன்னால் அழுவதற்கு எனக்கு என்ன உரிமை இருக்கிறது என்று அடக்கிக்கொண்டேன்.

மற்றது அந்த மரம். அரிசி இல்லாமற் போக, சிரம்பானில் எல்லாரையும் போல நாங்களும் வளவு முழுக்க மரவள்ளி நட்டோம். றம்புட்டானின் நிழல் விழுந்த பக்கம் மரவள்ளி நோஞ்சானாக நின்றது. வெட்ட வேண்டும் என்றேன். "அவள் வந்து கேப்பாள்" என்றாள் சின்னத்தங்கம். வந்தால் வேறொன்று வைப்போம் என்று சொல்லிவிட்டு நானே கோடரி எடுத்தேன். கிழங்கு நன்றாக விழுந்தது. விறகு மூன்று மாதம் எரிந்தது.

6

யுத்தம் முடிந்து முதற் கடிதம் வந்தது. பிள்ளை சுகம். அக்கா சுகம். அத்தான் காலமாகிவிட்டார். எழுத்து முத்துமுத்தாக இருந்தது. இடப்பக்கம் கோடு கீறி ஓரம் விட்டிருந்தது. இரண்டு பக்கத்தில் ஒரு பிழை இல்லை. கந்தோருக்கு எழுதிய கடிதம் போல இருந்தது. அதைத் திருப்பி அனுப்பவில்லை. சின்னத்தங்கம் வாங்கித் தன் தலைமாட்டில் வைத்துக்கொண்டாள்.

அன்றைக்கே பிள்ளையை எடுப்பதென்று தீர்மானித்தோம். நாங்களே ஊருக்குப் போகலாமென்றால், எனக்குப் பென்சன் வர இன்னும் காலம் கிடக்கிறது. ஆனால் யுத்தத்துக்குப் பிறகு, நினைத்தபடி கப்பலேறி வரமுடியாது, அனுமதி வேண்டும் என்றார்கள். பிறப்புப் பத்திரம் யுத்தத்தில் தொலைந்து போயிற்று. கந்தோருக்கு ஆறு தரம் போனேன். ஏழாம் தரம் விண்ணப்பத்தைப் பார்த்த கிளாக்கர் சாவகச்சேரிப் பக்கத்து மனிதர்.

"மாஸ்ரர், சொந்த ஊர் எண்ட இடத்திலை பண்டத்தரிப்பு எண்டெல்லோ எழுதிப்போட்டியள்?"

"ஓம், அதுதானே ஊர்."

"உப்பிடி எழுதினால் துரை, ஊரிலை இருக்கிற பிள்ளை ஊரிலையே இருக்கட்டும் எண்டு கிழிச்சுப் போடுவான். பிள்ளை பிறந்தது எங்கை?"

"இஞ்சைதான். சிரம்பானிலை."

"அப்ப பிள்ளையின்ரை ஊர் சிரம்பான். தேப்பனாகிய நீங்கள் சத்தியம் பண்ணி எழுதித் தரவேணும். பிறந்து வளந்த வீடு, அடையாளம், எல்லாம் எழுதுங்கோ."

அந்தக் கந்தோர் மரவாங்கில் இருந்துகொண்டு எழுதினேன். "எனது மகள் இராசமணியின் சொந்த ஊர் சிரம்பான் என்று இத்தால் சத்தியம் செய்கிறேன்." வீட்டு அடையாளம் எழுத வந்தபோது, படிக்குப் பக்கத்தில் றம்புட்டான் மரம் என்று கை எழுதிவிட்டது. பிறகு மரம் இல்லையே என்று நினைவு வந்து வெட்டினேன். சத்தியக் கடதாசியில் வெட்டுக்குத்து இருக்கக்கூடாது என்று கிளாக்கர் வேறு கடதாசி தந்தார். எட்டு வயதுப் பிள்ளை நாலு வரியில் எழுதியதை நான் முத்திரை ஒட்டி எழுத வேண்டியிருந்தது. ஒரு கிழமையில் அனுமதி வந்தது.

7

மேலே உள்ளதையெல்லாம் எழுதி வைத்து, பிள்ளை வந்து சேர்ந்த செய்தியோடு முடிக்கலாம் என்று காத்திருந்தேன். நேற்று அந்த மலாய்க்காரர் கையை விரிக்கவில்லை. தடித்த உறை ஒன்றை நீட்டினார். படலையடியில் நின்ற சின்னத்தங்கம், "வாசியுங்கோ, இஞ்சையே வாசியுங்கோ" என்றாள். சைக்கிளைப் பிடித்தபடியே வாசித்தேன்.

"அன்புள்ள ஐயாவுக்கும் அம்மாவுக்கும் இராசமணி எழுதுவது. நீங்கள் அனுப்பிய அனுமதிப் பத்திரம் கிடைத்தது. அதில் எனது சொந்த ஊர் சிரம்பான் என்று இருக்கிறது. மாமியும் நானும் ஒன்றுக்கு இரண்டு தரம் வாசித்தோம். ஐயா, அந்த ஊர் எனக்கு நினைவில்லை. படியோடு ஒரு மரம் நின்றதாக ஓர் எண்ணம் மட்டும் உண்டு. அது பிழையாகவும் இருக்கலாம். மாமா போன பிறகு மாமி தனியாக இருக்கிறா. இந்த வீட்டிலிருந்து என்னால் வர முடியாது. அம்மா மனம் நோகக் கூடாது. பத்திரத்தை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன்.

"இந்தத் தை மாதத்திலிருந்து இங்கே பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறேன். உலகத்துத் தாவரங்கள் என்ற பாடத்துக்கு உங்கள் பாடங்களை ஒட்டி வைத்த கொப்பிதான் எனக்கு உதவி. இலைகளைக் காட்டினால் பிள்ளைகள் சத்தம் போடாமல் இருக்கிறார்கள். கொப்பியில் றம்புட்டான் என்று ஐந்து தரம் எழுதியிருக்கிறேன், ஆனால் இலை இல்லை. படத்துக்கு மேலே கோடு இருப்பதால் அதைக் காட்ட முடியவில்லை. அந்த மரம் எப்படி இருக்கும் என்று எனக்கும் மறந்துபோயிற்று. ஓர் இலை கிடைத்தால் அனுப்பி வையுங்கள். வேறு நாட்டு மரம் ஒன்றைப் பார்க்கப் பிள்ளைகளுக்கு ஆசை. பிழையிருந்தால் திருத்தி அனுப்பவும்."

சின்னத்தங்கம் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. கடிதத்தை என் கையிலிருந்து வாங்கி மடித்தாள்.

"நீங்கள் படிப்பிச்சதை அவள் வடிவாப் படிச்சிட்டாள்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் முன்னறையில் கட்டில் இழுக்கிற சத்தம் கேட்டது.

இன்று காலை அடுத்த வீட்டு மலாய்க்காரியிடம் கேட்டு அவளுடைய மரத்திலிருந்து ஓர் இலை முறித்து வந்தேன். பழைய வழக்கப்படி கடதாசிக்கு நடுவில் வைத்துப் புத்தகத்தால் அழுத்தியிருக்கிறேன். உலர்ந்ததும் போகும். அதோடு போகிற கடதாசியில் பாடம் எதுவும் எழுதவில்லை. இடப்பக்கம் கோடு கீறி ஓரம் விட்டு, "எங்கள் ஊரில் றம்புட்டான் உண்டு" என்று ஐந்து தரம் எழுதினேன். கீழே, "பிழையிருந்தால் திருத்தி அனுப்பவும். ஐயா" என்று கையெழுத்து வைத்தேன்.

அவள் இப்போது மாஸ்ரர்தானே. சிவப்பு மை வைத்திருப்பாள். குறுக்கே ஒரு கோடு கிழித்து, ஊர் பிழை என்று எழுதி அனுப்பினாலும் சரி, அந்தக் கடதாசியை வீட்டில் வைத்துக்கொள்வேன். இந்த முறை திருப்பி அனுப்ப மாட்டேன்.